முரசுக்கு நான்கு மதிப்பெண், பியானோவுக்கு நான்கு மதிப்பெண்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாடத்திட்டக் குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

முதுகலை ஆங்கிலம் மூன்றாம் பருவத்தின் 'புதிய இலக்கியங்கள்' தாளுக்கு நீங்கள் சுற்றுக்கு விட்டிருக்கும் திருத்த வரைவைப் படித்தோம். ஆப்பிரிக்கக் கவிதை அதில் ஒரே அலகாகச் சுருங்கியிருக்கிறது. அலகின் தலைப்பு 'மரபும் மேலைத் தாக்கமும்'. கேப்ரியல் ஒகாராவின் 'பியானோவும் முரசுகளும்', 'முன்னொரு காலத்தில்', டேவிட் டியோப்பின் 'ஆப்பிரிக்கா', கோஃபி அவூனோரின் 'தூக்கணாங்குருவி' ஆகிய நான்கு கவிதைகள் இருக்கின்றன. இதுவரை தனி நூலாக இருந்த உகாண்டாக் கவிஞர் ஒகோட் பிபிடெக்கின் 'லாவினோவின் பாட்டு' நீக்கப்பட்டு, அதிலிருந்து நாற்பது வரி 'மேல்வாசிப்பு' என்ற பெயரில் பின்னிணைப்புக்குப் போய்விட்டது. பாட நேரம் போதவில்லை என்பது நீங்கள் சொல்லியிருக்கும் காரணம்.

நேரத்தைப் பற்றிப் பின்னால் பேசுவோம். எங்களை எழுத வைத்தது நீங்கள் இணைத்திருக்கும் மாதிரி விடைக்குறிப்பு. பத்து மதிப்பெண் வினா எதுவாக இருந்தாலும் பிரிப்பு ஒன்றுதான்: மரபின் குறியீடுகளுக்கு நான்கு, மேலைக் குறியீடுகளுக்கு நான்கு, 'அடையாளச் சிக்கல்' என்ற முடிவுரைக்கு இரண்டு. முரசு மரபு, பியானோ மேற்கு. பழைய கோயில் மரபு, குருவி மேற்கு. மனதாரச் சிரிப்பது மரபு, பல்லைக் காட்டிச் சிரிப்பது மேற்கு. இந்த அட்டவணையை மனப்பாடம் செய்தவருக்குக் கவிதையைத் திறந்து பார்க்கவே தேவையில்லை. கவிதையைத் திறந்து படித்து, இந்த அட்டவணைக்குள் அது அடங்கவில்லை என்று எழுதுகிறவருக்கு மதிப்பெண் குறையும். இந்தத் தாளை வகுப்பில் நடத்துகிறவர்களும் விடைத்தாள் திருத்துகிறவர்களும் நாங்கள்தான் என்பதால், இது எப்படி நடக்கும் என்று யூகித்துச் சொல்லவில்லை. கைடு புத்தகங்கள் இந்த அட்டவணையைத்தான் பல காலமாக விற்று வருகின்றன. இப்போது குழுவே அதற்கு முத்திரை குத்துகிறது.

கவிதைகளுக்கு வருவோம்.

'பியானோவும் முரசுகளும்' இந்த அட்டவணைக்கு ஏதோ ஒரு நியாயத்தைத் தருகிற ஒரே கவிதை. தலைப்பிலேயே இரண்டு வாத்தியங்கள் இருக்கின்றன. ஆற்றங்கரையில் விடியலில் முரசு கேட்கிறது, பாயக் காத்திருக்கும் சிறுத்தையும் ஈட்டி ஓங்கிய வேட்டுவரும் கண்முன் வருகிறார்கள், பேசுகிறவன் ஆண்டுகளைக் கவிழ்த்துக்கொண்டு தாய்மடிக் குழந்தையாகிறான். அடுத்து பியானோ கான்செர்ட்டோ (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து இசைக்கும் வடிவம்) ஒன்று அழுகிறது. ஆனால் கடைசிப் பகுதியில் அவன் இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. காலை மூடுபனியில் தொலைந்து, முரசின் தாளத்துக்குள்ளும் கான்செர்ட்டோவுக்குள்ளும் ஒருசேர அலைகிறான். 'குழப்பம்' என்று இரண்டு மதிப்பெண்ணில் முடித்துவிடும் இடம் இதுதான். இதை எழுதியவர் யார்? 1921-இல் நைஜர் கழிமுகத்தில் பிறந்த இஜா இனத்தவர், நன் ஆற்றைப் பற்றிய கவிதைக்காக 1953-இல் நைஜீரியக் கலைவிழாவில் பரிசு பெற்றவர். 1964-இல் வெளியான 'குரல்' என்ற நாவலில் இஜா மொழியின் வாக்கிய அமைப்புக்கு ஆங்கிலத்தையே வளைத்துக் காட்டியவரும் அவர்தான். ஆங்கிலத்தைத் தன் மொழிக்கு வேலை செய்ய வைத்த ஒருவரை, ஆங்கிலத்துக்கும் தன் மொழிக்கும் நடுவே நின்று தவிக்கிறவர் என்று மட்டும் சொல்லிக்கொடுப்பது பெரிய அநியாயம்.

இன்னொன்று. இந்தக் கவிதையைக் காதால் கேட்காமல் நடத்த முடியாது. 'டிமினுவெண்டோ' (ஒலி தணிதல்), 'கவுண்டர்பாயிண்ட்' (வேறு வேறு இசைவரிகள் ஒருசேர ஓடுதல்), 'கிரெசெண்டோ' (ஒலி ஏறுதல்) என்ற சொற்களுக்கு அருஞ்சொற்பொருள் கொடுத்து நகர்ந்துவிட்டால், கவிஞர் அந்த இடத்தில் ஒலியின் ஏற்ற இறக்கத்தையே வரியாக ஆக்கியிருப்பது தெரியாமல் போகும். ஒரு பியானோ கான்செர்ட்டோவின் முதல் சில நிமிடங்களைப் போட்டுக்காட்டினால் போதும்: தனி வாத்தியம் எங்கே இசைக்குழுவை எதிர்த்து நிற்கிறது, எங்கே அதோடு கலக்கிறது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள். முரசுக்கு வகுப்பை இரண்டாகப் பிரியுங்கள். ஆறு எண்ணும்போது ஒரு பாதி 1, 4 என்ற எண்களில் தட்டட்டும். மறு பாதி 1, 3, 5-இல் தட்டட்டும். மேற்கு ஆப்பிரிக்க முரசு இசையின் அடிப்படைகளில் ஒன்று இந்த இரண்டுக்கு மூன்று. தொடங்கிய சில நொடிகளில் ஒரு பாதி மற்ற பாதியின் தட்டுக்கு இழுபட்டு நழுவும். அதுதான் பாடம். 'எளிய ஆதித் தாளம், சிக்கலான மேலை இசை' என்று கைடு எழுதுவது பொய் என்பதை அந்த நழுவலைவிடத் தெளிவாக எந்த விரிவுரையும் காட்டாது.

'முன்னொரு காலத்தில்' கவிதையில் முரசும் இல்லை, கோயிலும் இல்லை. வீட்டுக்கொரு முகம், அலுவலகத்துக்கொரு முகம், தெருவுக்கொரு முகம் என்று உடைபோல் மாற்றப் பழகிக்கொண்ட ஒரு தகப்பன், தன் மகனிடம் சிரிக்கக் கற்றுக்கொடு என்று கேட்கிறான். உன்னைப்போல் இருந்தபோது நான் எப்படிச் சிரித்தேன் என்று காட்டு என்பது அவன் வேண்டுகோள். ஆக அந்த 'முன்னொரு காலம்' வெள்ளைக்காரன் வருவதற்கு முந்திய காலம் என்றும் படிக்கலாம், ஒரு மனிதனின் குழந்தைப்பருவம் என்றும் படிக்கலாம். உங்கள் விடைக்குறிப்பு முதலாவதை மட்டும் அனுமதிக்கிறது. நேரம் போதாதென்றால் வெட்ட வேண்டிய கவிதை எங்களைக் கேட்டால் இதுதான். மாணவர்கள் தாமே படித்துப் புரிந்துகொள்ளக்கூடியது.

டியோப்பின் 'ஆப்பிரிக்கா'வுக்கும் இந்த அலகின் தலைப்புக்கும் தொடர்பே குறைவு. அது அடிமைத்தனத்தையும் விடுதலையையும் பற்றிய கவிதை. வரைவில் அதன் மூலமொழி பிரெஞ்சு என்ற குறிப்பு எங்கும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் பெயரும் இல்லை. டியோப் 1927-இல் பிரான்சின் போர்தோவில் பிறந்தவர். தந்தை செனகல் நாட்டவர், தாய் கேமரூன் நாட்டவர். 'உன்னை நான் அறிந்ததில்லை' என்று அவர் ஆப்பிரிக்காவிடம் சொல்வது பெரும்பாலும் பிரான்சில் வளர்ந்த ஒருவரின் நேர்ச்சொல். இது தெரியாத மாணவர் அதை உருவகம் என்று எழுதுகிறார். தெரிந்தவருக்கு அடுத்த வரியிலுள்ள இரத்தம் வேறு கனத்தோடு விழும். 1956-இல் வந்த 'உலக்கை இடிகள்' அவருடைய ஒரே தொகுப்பு. 1960-இல் டாக்கர் அருகே விமான விபத்தில் இறந்துபோனார்.

அவூனோரின் குருவிக்கு வேறொரு தடை இருக்கிறது. தூக்கணாங்குருவி என்றதும் நம் பிள்ளைகளின் மனத்தில் பனையோலையில் தொங்கும் அழகான கூடும், மழைக்கு முன்னே வீடு கட்டிக்கொள்ளும் சாமர்த்தியமும் வருகின்றன. மேற்கு ஆப்பிரிக்க ஊர்ப்புறத்து இனம் ஒரே மரத்தில் கூட்டமாகக் கூடு கட்டி, இலைகளைக் கிழித்துக் கிழித்து மரத்தையே மொட்டையாக்கிவிடும். நம் ஒரே மரத்தில் அது முட்டையிட்டது என்று கவிதை தொடங்கும்போது கானாவில் அவூனோரின் தாய்மொழியான ஈவே பேசுகிறவருக்குக் கேட்கும் எச்சரிக்கை நமக்குக் கேட்பதில்லை. இதைச் சொல்லிவிட்டு நடத்தினால் முதல் வரியிலிருந்தே அமைதியின்மை தொற்றும். குருவி காலனியவாதி, மரம் ஆப்பிரிக்கா என்ற சமன்பாடு அதுவரை சரி. ஆனால் கவிதை அங்கே நிற்பதில்லை.  ஒவ்வொரு நாளும் புதிய வீடுகளையும் புதிய பீடங்களையும் தேடுகிறோம், குருவியின் எச்சத்தால் தீட்டான பழைய பீடங்களை மறுபடி கட்ட முயல்கிறோம் என்று முடிகிறது. பழையதும் புதியதும் பின்னிக்கிடக்கும் இந்த முடிவில் மரபுக்குத் திரும்புவோம் என்ற முழக்கத்தை மட்டும் எப்படிக் கண்டீர்கள்? விடைக்குறிப்பில் 'கவிஞர் மரபை மீட்க அழைக்கிறார்' என்று இருக்கிறது. அது பாதிதான். திருத்துங்கள்.

இனி லாவினோ. இந்த மடலின் பாதி கோபம் இங்கேதான்.

'லாவினோவின் பாட்டு' ஆங்கிலத்தில் 1966-இல் நைரோபியில் வெளிவந்தது. வடக்கு உகாண்டாவின் அச்சோலி மொழியில் எழுதப்பட்ட மூலம் 1969-இல்தான் அச்சேறியது. ஆங்கிலத்தில் 13 பகுதிகள். கணவன் ஓச்சோல் படித்தவன், கட்சிக்காரன். கிளமெண்டைன் என்ற பெண்ணோடு வாழப் போய்விட்டான். மனைவி லாவினோ படிக்காதவள், ஊர்ப்பெண். அவள் பேசுகிறாள். அதை எழுதிய ஒகோட் உகாண்டா அணிக்குக் கால்பந்து ஆடியவர், பிரிஸ்டல், அபரிஸ்ட்வித், ஆக்ஸ்ஃபோர்டு ஆகிய மூன்று இடங்களில் படித்தவர், மானிடவியலாளர். இந்த இடைவெளியை வகுப்பில் முதலிலேயே சொல்லியாக வேண்டும். லாவினோ ஒகோட்டின் ஒலிபெருக்கி இல்லை. அவள் ஒரு பாத்திரம், பொறாமை உள்ளவள், வாய்த்துடுக்கு உள்ளவள், சில இடங்களில் அநியாயமாகவும் பேசுகிறவள்.

பின்னிணைப்பில் நீங்கள் தந்திருக்கும் நாற்பது வரி, கிளமெண்டைனின் உதட்டுச்சாயத்தையும் முகப்பவுடரையும் அவள் கேலி செய்யும் இடம். சிரிப்பு வரும் பகுதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் எடுத்துவைத்தால் லாவினோ பழமைவாதியான ஒரு சக்களத்தி ஆகிவிடுகிறாள். அதே இரண்டாம் பகுதியில்தான், கணவனின் பாதையை நான் மறிக்கவில்லை, அவளுக்குக் குன்றின்மேல் தகரக்கூரை வீடு கட்டிக்கொடுக்கட்டும், எனக்கு என் புல்வீடு போதும் என்கிறாள். அந்நியரின் வழக்கங்கள் எனக்குப் புரியவில்லை, ஆனால் அவற்றை நான் இகழவில்லை, உன்னுடையவற்றை நீ ஏன் இகழ்கிறாய் என்று கேட்பதும் அங்கேதான். முழுப் பாட்டின் வாதமும் இந்தக் கேள்வியில் இருக்கிறது. வெட்டியெடுத்த நாற்பது வரியில் அது இல்லை.

ஆறாம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சமையலறையைப் பற்றியது. ஓச்சோலின் மின்அடுப்பு தனக்கு ஏன் ஆகாது என்று லாவினோ காரணம் அடுக்குகிறாள். அடுப்பு முரசின் முகம்போல் தட்டையானது. அதன்மேல் தட்டையான அடிப்பாகமுள்ள பாத்திரம்தான் நிற்கும். தன் மண்பானை அதன்மேல் சரியாக உட்காராது. மின்சாரத்தைக் கண்டு பயம் வேறு. சடங்கைப் பற்றியோ முன்னோரைப் பற்றியோ இந்த வாதத்தில் பேச்சே இல்லை. பாத்திரத்தின் அடியும் அடுப்பின் மேற்பரப்பும் பொருந்தவில்லை என்கிற ஒரு பொறியாளரின் வாதம் இது. விறகடுப்பின் மூன்று கல்லில் நின்ற பானையை எரிவாயு அடுப்பில் நிற்கவைக்கப் பிரிமனை தேடிய வீடுகளில் வளர்ந்த மாணவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இந்தப் பகுதியை நடத்தியபின் 'லாவினோ மாற்றத்தை எதிர்க்கிறாள்' என்று யாரும் எழுத மாட்டார்கள். எதற்கு எது பொருந்தும் என்று அவள் பார்க்கிறாள் என்று எழுதுவார்கள்.

ஒன்பதாம் பகுதிக்குப் பின்புலம் இல்லாமல் ஒரு வரியும் விளங்காது. லாவினோ கேட்கிறாள்: கூனன் வானத்தையும் பூமியையும் வனைய எங்கே களிமண் தோண்டினான்? எந்த ஆற்றின் முகத்துவாரத்தில்? யார் இந்தக் கூனன்? ஒகோட்டே தம் ஆய்வில் பதிந்திருக்கிறார்: 1911-இல் இத்தாலியக் கத்தோலிக்கப் பாதிரியார்கள் அச்சோலிப் பெரியவர்களைக் கூட்டி, உங்களைப் படைத்தது யார் என்று கேட்டார்கள். படைப்பு என்ற கருத்து அந்த மொழியில் இல்லாததால், உங்களை வனைந்தது யார் என்று கேள்வி மாறியது. பெரியவர்களுக்கு அது விளங்கவில்லை. மனிதர் தாய்வயிற்றில் பிறக்கிறார்கள் என்றார்கள். விடாமல் கேட்டபோது ஒருவருக்கு நினைவு வந்தது: நல்லபடியாகப் பிறந்தவர்களுக்கும் முதுகெலும்பு நோய் வந்து கூன் விழுகிறதே, அப்படி மனிதரை வனைவது லுபங்கா. பாதிரியார்கள் அந்தப் பெயரையே கடவுளுக்கு வைத்துவிட்டார்கள். லாவினோவின் வேதப்பாட வகுப்பில் உலகைப் படைத்தவன், கூன் விழவைக்கும் ஆவி! அவள் கேள்வி பேதையின் கேள்விபோல் ஒலித்தாலும் உண்மையில் தத்துவக் கேள்வி. பதில் சொல்ல முடியாமல் ஓச்சோல்தான் எரிந்து விழுகிறான். இந்தப் பின்புலம் பத்து நிமிட வேலை. அது இல்லாவிட்டால் பகுதி முழுவதும் குழந்தைத்தனமாகத் தோன்றும்.

பதினோராம் பகுதியில் மேற்கும் இல்லை, மரபும் இல்லை, அரசியல் இருக்கிறது. உகாண்டா 1962-இல் விடுதலை பெற்றது. ஓச்சோல் ஜனநாயகக் கட்சி, அவன் தம்பி காங்கிரஸ். ஒரே வீட்டில் பிறந்தவர்கள் பகையாகிவிட்டார்கள். விடுதலை காட்டெருமைபோல் விழுகிறது, வேட்டைக்காரர்கள் உருவிய கத்தியோடு பாய்கிறார்கள், கத்தி மழுங்கியவனுக்குத் துண்டு கிடைப்பதில்லை. விடுதலை பெற்று நான்கு ஆண்டில் வெளியான நூலில் ஒகோட் இப்படி எழுதியிருக்கிறார். பிற்பாடு அவர் நாட்டைவிட்டுக் கென்யாவில் வாழ நேர்ந்தது. இதை 'மரபும் மேலைத் தாக்கமும்' என்ற தலைப்பின்கீழ் எப்படி வைப்பீர்கள்?

கடைசிப் பகுதி மருந்து. ஓச்சோலைக் குணப்படுத்த என்னென்ன செய்ய வேண்டும் என்று லாவினோ சொல்கிறாள். மலக்வாங் கீரை சமைக்கச் சொல்கிறாள். நம் புளிச்சகீரையின் இனம்தான் அது. கடலை அல்லது எள் விழுது சேர்த்துச் சமைப்பார்கள். தொண்டை சுத்தமாக வேண்டும், காது திறக்க வேண்டும், கண் தெளிய வேண்டும். இத்தனைக்கும் பிறகு அவள் கேட்பது தன் ஆட்டத்தை அவன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதே. பழைய வீட்டுமனையில் படர்ந்த பூசணியைப் பிடுங்கக்கூடாது என்ற அச்சோலிப் பழமொழி பாட்டு முழுவதும் திரும்பத் திரும்ப வருகிறது. புதிய வீட்டுக்குக் குடிபோகாதே என்று அந்தப் பழமொழி சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். போகும்போது பூசணிக்கொடியை ஏன் பிடுங்குகிறாய் என்றுதான் கேட்கிறது.

ஓச்சோலுக்கும் மறுமொழி உண்டு. 1970-இல் 'ஓச்சோலின் பாட்டு' வந்தது. வாயை மூடு, மூட்டையைக் கட்டு என்று தொடங்கும் அதன் முதல் பக்கங்களை லாவினோவுக்குப் பின் படித்தால், தன் கறுப்பையே வெறுக்கும் ஒரு மனத்தின் உள்பக்கம் தெரியும். இரண்டு பாட்டும் ஒரே நூலாக ஆப்பிரிக்க எழுத்தாளர் வரிசையில் கிடைக்கின்றன.

தலைப்பின் இன்னொரு பாதியான 'மரபு' என்பதற்கு வரைவில் ஒரு சான்றுகூட இல்லை. நான்கும் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதப்பட்ட 20-ஆம் நூற்றாண்டுக் கவிதைகள். மரபைப் பற்றிப் பேசும் கவிதை இருக்கிறது, மரபுக் கவிதை இல்லை. தென்னாப்பிரிக்காவின் ஹோசா மொழியில் இம்போங்கி என்று ஒரு கவிஞர் மரபு உண்டு. தலைவன் முன்னால் நின்று அவனைப் புகழவும் இடிக்கவும் உரிமை பெற்றவர் இம்போங்கி. 1925-இல் பிரிட்டிஷ் இளவரசர் வந்தபோது எஸ்.இ.கே. ம்காயி அந்தப் புகழ்ப்பாட்டு வடிவிலேயே பிரிட்டனை 'வாழ்த்தினார்': போதகரை அனுப்பினாய், கூடவே புட்டியை அனுப்பினாய், வேதப்புத்தகத்தை அனுப்பினாய், கூடவே பீப்பாய் பிராந்தியை, துப்பாக்கியையும் பீரங்கியையும் அனுப்பினாய், இதில் எதை நாங்கள் அணைத்துக்கொள்வது? மேற்கைப் பற்றிய இவ்வளவு கூர்மையான கவிதை உங்கள் நான்கில் எதுவுமில்லை. வஞ்சப்புகழ்ச்சி படித்து வளர்ந்த நம் மாணவர்களுக்கு உள்ளே நுழைய வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது.

சோமாலியில் கபய் என்ற வடிவம். ஒரு கவிதையின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மோனை ஒலி ஓடவேண்டும். சோமாலிக்கு அதிகாரபூர்வ எழுத்துமுறை வந்தது 1972-இல்தான். அதற்கு முன் இந்தக் கவிதைகள் மனனத்தில் பயணித்தன, மோனை அந்த மனனத்துக்கு உதவியது. ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட சையது முகமது அப்துல்லா ஹசன், 1913-இல் போரில் இறந்த கார்ஃபீல்ட் என்ற ஆங்கில அதிகாரியை விளித்து இந்த வடிவில் பாடினார்.

சுவாஹிலி நிலைமை இன்னும் சுவையானது. அங்கே மரபு என்பதற்குள்ளேயே அரபு எழுத்தும் இசுலாமும் இந்தியப் பெருங்கடல் வணிகமும் அடக்கம். 1858-இல் முவானா குபோனா என்ற தாய், மகளுக்கு உதெண்டி என்ற நெடுங்கவிதை வடிவில் அறிவுரை எழுதினார். ஐரோப்பா இல்லாமலே வெளியிலிருந்து வந்தது உள்ளூர் மரபாகிவிட்டிருந்தது. 1974-இல் தான்சானியக் கவிஞர் யூஃப்ரேஸ் கெஸிலஹாபி அசையெண்ணிக்கையையும் இயைபையும் விட்டு 'கிச்சோமி' தொகுப்பை வெளியிட்டபோது, அது கவிதையே இல்லை என்று மரபினர் எதிர்த்தார்கள். வரிக்கு எட்டும் எட்டுமாகப் பதினாறு அசை என்ற கணக்கை விட்டால் என்ன மிஞ்சும் என்பது அவர்கள் கேள்வி. நம்மூர் யாப்பா புதுக்கவிதையா சண்டையை அறிந்தவர்கள் யாரும் இந்த இடத்தில் தூங்க மாட்டார்கள்.

எது ஆப்பிரிக்கக் கவிதை என்ற சண்டையும் ஆப்பிரிக்கர்களுக்குள்ளேயே நடந்திருக்கிறது. நைஜீரிய விமர்சகர் சின்வெய்ஸுவும் இரு நண்பர்களும் 1980-இல் வெளியிட்ட நூலில் தம் நாட்டுக் கவிஞர்களான சோயிங்கா, கிளார்க், ஒக்கிக்போ ஆகியோரை ஐரோப்பிய நவீனத்துவத்தின் பிரதிகள் என்று சாடினார்கள். அந்த வாதம் கட்டுரைகளாக வந்துகொண்டிருந்தபோதே, 1975-இல், இவர்களுடைய 'மரபு' டார்ஜான் படத்துக் காட்டைப் போன்றது என்று சோயிங்கா திருப்பியடித்தார். செனகல் கவிஞர் செங்கோர் தம் கவிதைகளின் தலைப்பின்கீழ் கோரா என்ற 21 நரம்பு வாத்தியத்தைக் குறித்தவர். நியூயார்க்கைப் பற்றிய கவிதைக்கு ஜாஸ் இசைக்குழு, தனி டிரம்பெட் என்று குறித்தவரும் அவரேதான். உங்கள் அட்டவணையில் ஜாஸ் டிரம்பெட்டை எந்தப் பக்கம் எழுதுவது?

நேரம். ஓர் அலகுக்கு 15 மணி நேரம் என்பது உங்கள் கணக்கு. அதற்குள்ளேயே அடங்கும். முதல் மணி வரைபடத்துக்கு: நைஜர் கழிமுகம், குலு (ஒகோட்டின் ஊர்), வீட்டா (அவூனோரின் ஊர்), டாக்கர் ஆகிய நான்கு இடங்கள், அங்கே பேசும் மொழிகள், ஆண்ட நாடுகள், விடுதலை ஆண்டுகள். லாவினோவுக்கு ஆறு மணி நேரம்: 2, 6, 9, 11, 13 ஆகிய பகுதிகளுக்குத் தலா ஒன்று, ஓச்சோலின் மறுமொழிக்கு ஒன்று. ஒகாராவுக்கு இரண்டு, அதில் ஒன்று கேட்பதற்கும் தட்டுவதற்கும். டியோப்புக்கு ஒன்று. அவூனோருக்கு இரண்டு, குருவியோடு, ஈவே ஒப்பாரி மரபிலிருந்து அவர் எடுத்தாண்ட 'துயரப் பாடல்கள்' சேரட்டும். ம்காயிக்கும் சோமாலி கபய்க்கும் இரண்டு. மீதமுள்ள ஒரு மணியில் சோயிங்காவும் கிளார்க்கும் 'அபிக்கு' என்ற ஒரே தலைப்பில் எழுதிய இரண்டு கவிதைகள். பிறந்து பிறந்து இறக்கும் குழந்தை ஒன்றில் தானே திமிராகப் பேசுகிறது. மற்றதில் இந்தமுறையாவது தங்கிவிடு என்று அதனிடம் கெஞ்சுகிறார்கள். ஒரே நம்பிக்கை, ஒரே நாடு, எதிரெதிர்க் குரல்கள். மேற்கு என்ற சொல்லை உச்சரிக்காமலே அந்த வகுப்பு ஓடும்.

1968 அக்டோபர் 24 அன்று நைரோபிப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ, ஓவூர் அன்யும்பா, தாபான் லோ லியோங் ஆகிய மூன்று ஆசிரியர்கள், ஆங்கிலத் துறையையே கலைத்துவிட்டு ஆப்பிரிக்க இலக்கியத்தை நடுவில் வைக்கும் துறை ஒன்றை அமைக்கக் கோரிப் புலத்துக்குக் குறிப்பு அனுப்பினார்கள். வாய்மொழி இலக்கியம் பாடமாக வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பின்னர் அந்தத் துறை மாற்றியமைக்கப்பட்டது. நாங்கள் எந்தத் துறையையும் கலைக்கச் சொல்லவில்லை. ஓர் அலகைத்தான் கேட்கிறோம்.

கேட்பவை இவை. அலகின் தலைப்பை 'ஆப்பிரிக்கக் கவிதை: மொழிகள், வடிவங்கள், வாதங்கள்' என்று மாற்றுங்கள், வேறு தலைப்பானாலும் சரி, இரண்டு கட்சிகளாகப் பிரிக்காததாக இருக்கட்டும். 'லாவினோவின் பாட்டு' மேலே சொன்ன ஐந்து பகுதிகளோடு கட்டாயப் பாடமாகத் திரும்ப வேண்டும். 'முன்னொரு காலத்தில்' மேல்வாசிப்புக்குப் போகட்டும். அந்த இடத்தில் ம்காயியின் 1925 கவிதை மொழிபெயர்ப்பில் வரவேண்டும். ஒவ்வொரு கவிதையின் தலைப்புக்கும் கீழே மூலமொழி, முதலில் வெளியான ஆண்டு, மொழிபெயர்ப்பாளர் பெயர், கவிஞரின் ஊர் ஆகிய நான்கும் அச்சிடப்பட வேண்டும். வரிப்பிரிப்பு மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். வரைவில் 'பியானோவும் முரசுகளும்' இரண்டு இடங்களில் உரைநடைபோல் ஒட்டிக்கிடக்கிறது.

மாதிரி விடைக்குறிப்பை முழுமையாகத் திரும்பப் பெறுங்கள். 4, 4, 2 பிரிப்பைத் திருத்திப் பயன்படுத்த வழியில்லை. அதற்குப் பதிலாக இப்படிக் கேளுங்கள்: மின்அடுப்பை மறுக்க லாவினோ தரும் காரணங்களைப் பாட்டிலிருந்து எடுத்துக்காட்டி, அவற்றில் எவை பயன்பாடு சார்ந்தவை, எவை அச்சம் சார்ந்தவை என்று பிரித்து விவாதிக்கவும். அல்லது: அவூனோரின் கவிதை முடிவில் பழைய பீடங்களுக்கும் புதிய பீடங்களுக்கும் உள்ள உறவு என்ன? இவற்றுக்கு மதிப்பெண்ணைச் சான்றுக்கு ஐந்து, அந்தச் சான்றிலிருந்து வாதத்துக்கு ஐந்து என்று பிரிக்கலாம். கவிதையைப் படிக்காதவர் இதில் தேற முடியாது.

லாவினோவும் ஓச்சோலும் சேர்ந்த பதிப்பு இணைப்புக் கல்லூரி நூலகம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது ஐந்து படிகள் வாங்கப்பட வேண்டும். நகலெடுத்த நாற்பது வரியை வைத்து இனி வகுப்பு நடத்த மாட்டோம். இறுதியாக, இந்த மடல் குழுவின் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் தனிப் பொருளாக வைக்கப்பட வேண்டும், எங்களில் இருவர் அதில் விளக்கம் அளிக்க அழைக்கப்பட வேண்டும், எந்தக் கோரிக்கையை ஏற்கவில்லையோ அதற்கான காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். வரைவு இறுதியாவதற்கு முன்பே இவை நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
இந்தத் தாளை நடத்தும் கல்லூரி ஆசிரியர்கள்